முப்பத்தைந்தாவது நிமிடம்

அன்று காலை ராஜபாளையத்து பேண்டேஜ் கூடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி சௌந்தரபாண்டியன், அவர் மகள் பாண்டிசெல்வி, நீராவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் முத்துப்பாண்டி. வேறு எவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டுகளைக் கிருமி சாக எத்தனை நிமிடம் அவிப்பது என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லும்படி பாண்டிசெல்வி எழுதிக்கொண்டிருந்தாள். புரோகிராம் எழுதப் படிக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. எடையோடு ஐந்தைக் கூட்டி, வருவதை மூன்றால் பெருக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல 3(எடை + 5 என்று எழுதினாள். திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. மூன்றுக்கு அடுத்துப் பெருக்கலுக்கான நட்சத்திரத்தைப் போட்டாள். சிவப்பு போகவில்லை. அதற்குள் தறிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே வேன் காத்திருந்தது. வேலையாள் பார்க்க மகள் எழுத்தின்மேல் அந்தச் சிவப்பு கிடப்பது சௌந்தரபாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. திறந்த அடைப்புக்குறி மூடாமல் இருப்பது கண்ணில் பட்டது. எடைக்குப் பக்கத்திலேயே மூடினார்: 3*(எடை) + 5. சிவப்பு மறைந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

பத்துக் கிலோ கட்டு நீராவிப் பெட்டிக்குள் போயிற்று; திரை முப்பத்தைந்து என்றது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பெட்டி கூவியது.

"மொதலாளி, இம்புட்டுக்கு எப்பவும் முக்கா மணி நேரமாகுமே?"

"ஏலே, எம் மக போட்ட கணக்கு. நீ வண்டியில ஏத்து."

வேன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

திரும்பி வந்த பாண்டிசெல்வி திரையைப் பார்த்தாள். அந்தப் பத்துக் கிலோவிலிருந்து மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த கட்டு ஒன்றைக் கத்தரித்தாள். நன்றாக வெந்திருந்தால் நடுவிலிருக்கும் சோதனைக் காகிதம் கறுத்திருக்க வேண்டும். அது வெளிறிக் கிடந்தது.

"இத யாரு மூடுனா?"

முத்துப்பாண்டி தலை குனிந்துகொண்டான். அவன் பெயரைச் சொன்னால் அத்தோடு முடிந்துவிடும் என்பது சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும்.

"நாந்தான்," என்றார்.

டிரைவருக்கு மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. வெட்டிய காகிதம் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்காமலே நான்காவது முறை அடித்தார். வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில், மடவார்வளாகத்தில் இருந்தது. திருப்பச் சொன்னார்.

பாண்டிசெல்வி அடைப்புக்குறியை எடுத்து ஐந்துக்குப் பின்னால் வைத்தாள். முப்பத்தைந்து இருந்த இடத்தில் நாற்பத்தைந்து வந்தது.

அந்தப் பெண் போட்ட கணக்கால் ஆஸ்பத்திரியில் ஒருத்திக்குத் தையல் சீழ் வைத்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். ஒரு கட்டுகூட ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. தப்பாக மூடிய கை சௌந்தரபாண்டியனுடையது.