திம்மப்பனின் எடை

பக்கவாதத்தில் விழுந்த தளி திம்மப்பன் ஓசூரில் நூற்றுநாற்பது கிலோ இருந்தார். பெங்களூர்ப் பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் இருநூறைத் தொட்டார். சாப்பாடு என்னவோ இரண்டு இட்லிதான். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஏறுகிற ஊரில் கனத்தார், இறங்குகிற ஊரில் லேசானார், அவ்வளவுதான். ஓசூரில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள், மாதம் முப்பத்திரண்டாயிரம். கம்பெனியில் வேலை செய்த மகள் மாதேஸ்வரியின் சம்பளமே பத்தொன்பதாயிரம். கழுத்தில் இருந்ததை விற்ற பணம் எட்டு மாதம் தாங்கியது.

பிறகு சிங்காரப்பேட்டைப் பக்கம் சல்லிசாக ஒரு இல்லம் கிடைத்தது, ஐயாயிரம். அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும் திம்மப்பன் மெல்ல எழும்பி, மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே அந்தரத்தில் நின்றார். இல்லத்துக்காரர்கள் நல்லவர்கள்தான்; ஜன்னல் வழியே போய்விடக் கூடாதே என்று பழைய சேலையால் அவர் இடுப்பைக் கட்டிலோடு பிணைத்தார்கள். ஞாயிறுதோறும் மாதேஸ்வரி வந்து அண்ணாந்தபடி பேசினாள். நாலாவது ஞாயிறு அவர், "கட்டிப் போடாத எடத்துக்குக் கூட்டினு போ கண்ணு" என்றார்.

வேலையில் அவள் தனியாளாகத் தூக்கும் பெட்டி இருபத்தைந்து கிலோ. அப்பன் அந்த எடைக்கு வரும் ஊரைத் தேடி, கம்பெனிக்கு லோடு ஓட்டும் முனிராஜின் குட்டியானை வண்டியில் அவரை ஏற்றிக் கிளம்பினாள். மாங்காய் சீசன், வழியெல்லாம் மண்டிகள், எல்லாவற்றிலும் தராசு. ஊத்தங்கரையில் ஆறு, போச்சம்பள்ளியில் பதினான்கு, காவேரிப்பட்டினத்தில் சரியாக இருபத்தைந்து. மண்டிக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். மாதேஸ்வரி அன்றே அங்கு வீடு பிடித்து அட்வான்ஸும் கொடுத்தாள். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு செல்வம்மாள் ஆறாயிரத்துக்குச் சம்மதித்தாள்.

முதல்முறை தூக்கியபோதே இடுப்பு பிடித்துக்கொண்டது. சீட்டோடு மண்டிக்குப் போய்க் கேட்டாள்.

"காம்புக்கும் அழுகலுக்கும் மூணு கிலோ கழிச்சுத்தாம்மா போடுவோம். எல்லா லோடுக்கும் அப்பிடித்தான்."

"எங்கப்பன்ல என்னாண்ணா அழுகல்?"

அவர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். அவள் திரும்பி வந்து இருபத்தெட்டைத் தூக்கிப் பழகினாள். ஊரில் கூலி ஏறும்போதெல்லாம் திம்மப்பன் ஒரு கிலோ கூடுகிறார், இப்போது முப்பத்தொன்று. காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் வருமுன் அவரைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத்தான் அவள் புறப்படுகிறாள். ஜன்னல் திறந்தே இருக்கிறது. கட்டு எதுவும் இல்லை.