யாதொரு வலியுமின்றி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு அக்டோபர் திங்கள் இரண்டாம் நாள், சரித்திரம் பொன்னெழுத்துகளால் பொறித்துக்கொள்ள வேண்டிய இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தேறின. முதலாவது, சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. இரண்டாவது, அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குக் கோணமலைப்பட்டி செபமாலை மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்து தையற்காரர் சவரி கீழே விழுந்தார்.

முதல் நிகழ்ச்சியை அரசாங்கம் கவனித்துக்கொண்டது. இரண்டாவதைக் கவனிக்க ஆளில்லாததால், கோயில் கமிட்டித் தலைவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான ஞானராஜ் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஞானராஜ் வாத்தியார் மேடைத் தமிழ்தான் பேசுவார். மேடை இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பால் ஊற்ற வருகிற பாஞ்சாலியிடம், "நேற்றைய பாலில் நீரின் ஆதிக்கம் மேலோங்கி நின்றதே!" என்பார். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போவாள்.

விழுந்த விவரம் சுருக்கமானது. திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. சவரி ஏணியில் நின்று மணிக்கூண்டில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். ஏணி நழுவிற்று. பாதி உடம்பு மணல் குவியலிலும் பாதி உடம்பு கருங்கல் படியிலுமாக விழுந்தார். மனைவி ராயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் சவரி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு கோலி சோடா குடித்தார். பிறகு மறுபடி ஏறி மிச்சத் தோரணத்தையும் கட்டினார். முப்பத்திரண்டு வயது, ரோஷம் வலியை விட வேகமாக வேலை செய்கிற வயது.

"அற்புதம்!" என்றார் ஞானராஜ்.

விழுந்த உயரம் பதினாறு அடி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தபோது அது இருபத்தைந்து அடியாகியிருந்தது. திருவிழாவன்று நாற்பது அடி. மணிக்கூண்டே மொத்தம் இருபத்தெட்டு அடிதான் என்பதை எவரும் கிளப்பவில்லை. மாதா விஷயத்தில் டேப் பிடித்து அளப்பது நன்றாக இராது. ஊரில் டேப் வைத்திருந்தவரும் சவரி ஒருவர்தான்.

மாதம் முடிவதற்குள் கோயில் வாசலில் கல் நட்டாகிவிட்டது. வாசகம் வாத்தியார் உபயம்: "நாற்பதடி உயரத்தினின்றும் வீழ்ந்த சவரி என்பார், தேவதாயின் அருளால், யாதொரு வலியுமின்றி எழுந்து நடந்தார்."

கல் நட்ட அதே வாரத்தில் சவரிக்கு வலி வந்தது.

வலது இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கால் கட்டைவிரலில் போய் நின்றது. "முன்னால எறும்பு ஊருதுடி. அது பின்னாலயே எவனோ தீக்குச்சி கிழிச்சிக்கிட்டு வரான்" என்று ராயம்மாளிடம் சொன்னார். அதைவிடக் கொடுமை, காலில் துணி பட்டால் பொறுக்கவில்லை. அடித்தால் தாங்கிக்கொள்ளலாம், வேட்டி உரசினால் உயிர் போயிற்று. துணியால் பிழைக்கிற மனிதருக்குத் துணியே ஆகாமல் போயிற்று.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுமில்லை" என்றார். சேலத்தில் ஒருவர் இங்கிலீஷில் "நத்திங்" என்றார். ரயிலேறிப் பெங்களூர் போனார்கள். அங்கே ஒருவர் கன்னடத்தில் "ஏனூ இல்லா" என்றார். மூன்று பாஷையிலும் ஒன்றுமில்லாத ஒன்று சவரியின் காலில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் கட்டுப் போடுகிறவர் ஒருவர் முட்டையும் உளுந்தும் அரைத்துப் பற்றுப் போட்டார். அது காய்ந்து உரியும்போது சவரி போட்ட சத்தத்தில் அந்தாள் தொழிலையே இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்.

"இது நரம்பு சமாச்சாரமா இருக்கும்" என்று யாரோ சொன்னதோடு ஊரின் அனுதாபமும் முடிந்தது. நரம்பு என்று சொன்னாலே லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களின் விளம்பரம்தான் நம் ஜனங்களுக்கு நினைவு வரும். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ராயம்மாளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

சவரி தம் காலைத் தாமே படித்துக்கொண்டார். எந்த நேரத்தில் எரியும், எத்தனை நேரம் எரியும், எப்படி உட்கார்ந்தால் அரைப் பங்காகக் குறையும் என்று தெரிந்துகொண்டார். தையல் மிஷினை இடது காலால் மிதிக்கப் பழகினார். முதல் ஆறு மாதம் சட்டைகள் கோணலாக வந்தன. ஊரே கொஞ்சம் சாய்ந்து நடப்பது போலிருந்தது. பிறகு நேராயிற்று. வேட்டியின் வலது பக்கத்தை மட்டும் முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கடையிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான், பூசையிலும் அப்படித்தான். பெரியவர்களைக் கண்டால் மடித்த வேட்டியை இறக்கிவிடுவதுதான் ஊர் மரியாதை. சவரி கும்பிடு போடுவார்; வேட்டியை இறக்கமாட்டார்.

இத்தனையையும் சமாளித்தவருக்குக் கல்லைச் சமாளிக்க முடியவில்லை. வலிக்கிறது என்று வாய் திறந்தால், "கல்லுல அப்பிடி எழுதலையே?" என்றார்கள். "அப்ப மாதா பொய் சொல்றாங்களா?" என்றார்கள். போதாக்குறைக்கு ஒரு கௌரவமும் சேர்ந்துகொண்டது. ஆண்டுதோறும் திருவிழாவில் சவரி மைக் முன் நின்று, "எனக்கு யாதொரு வலியும் இல்லை, மாதாவுக்குத் தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். பிறகு மாதா சப்பரத்தின் முன் தண்டை வலது தோளில் தாங்கி ஊரைச் சுற்றி வர வேண்டும். அற்புதம் பெற்றவருக்கு முதல் தண்டு என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது.

ஒன்பது ஆண்டுகள் சொன்னார், தூக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் படுத்தார். ஒன்பதாம் ஆண்டு, தெரு முனையில் சப்பரம் திரும்பும்போது கால் மடங்கி அப்படியே முட்டி போட்டு விழுந்தார். "தாயின் முன் தம்மையும் அறியாமல் மண்டியிட்டார்!" என்று ஞானராஜ் மைக்கில் முழங்கினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கீழே கிடந்தபடியே சவரி ஒரு முடிவுக்கு வந்தார்.

எழுபத்தைந்தாம் ஆண்டுத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

ஞானராஜின் பார்வை நேரே சவரியின் தொடைக்குப் போயிற்று. "சவரி! சான்றோர் முன்னிலையில் ஆடையைத் தாழ்த்தும் பண்பினை மறந்தனையோ?"

"எறக்குனா எரியுதுங்க வாத்தியாரே. அதப் பேசத்தான் வந்தேன். கல்லுல ரெண்டு சொல்ல எடுக்கணுமுங்க."

"எச்சொற்கள்?"

"'யாதொரு வலியுமின்றி'ன்னு இருக்குதே, அது. மத்ததெல்லாம் இருக்கட்டும். நாப்பது அடின்னு கூட இருக்கட்டும், எனக்கென்ன வந்துச்சு."

"கல்லில் வெட்டிய எழுத்தை அழிப்பதா? நாளைய வரலாறு நம்மை நகையாடாதா?"

"வரலாறு வூடு தேடி வந்து சிரிக்காதுங்க. ஊர்க்காரங்கதான் சிரிக்கறாங்க."

"எக்ஸ்ரே யாது கூறிற்று?"

"எலும்பு நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சு. எலும்பு வலிக்குதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

ஞானராஜ் எழுந்து உலாவினார். "உனக்கு வலி உண்டென்றால் அற்புதத்தில் பாதி பொய்யாகிறது. பாதி அற்புதம் என்று பாரில் ஒன்று உண்டோ?"

"நான் முழுசா உசுரோட நிக்கறேன், அது பத்தாதுங்களா?"

"பத்தாது! இந்த வருசம் சேலத்துலேருந்து சாமியார் பிரசங்கத்துக்கு வராரு, நோட்டீஸ் அடிச்சாச்சு, நீ என்னடான்னா இப்ப வந்து காலு கையின்னுக்கிட்டு! போடா, வேலையப் பாரு!"

பத்து ஆண்டுகளில் வாத்தியார் வாயிலிருந்து சவரி கேட்ட முதல் சாதாரணத் தமிழ் அது.

வீட்டில் ராயம்மாள் கேட்டுவிட்டு, அரிசி களைவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்தாளு கல்லுக்கு அந்தாளு எசமான். உங்க வாய்க்கு யாரு எசமான்? மைக்க உங்க கையிலதான குடுக்கறாங்க?"

"ஊரு சும்மா வுடுமா?"

"இப்ப மட்டும் தலையில வெச்சிக்கிட்டா ஆடுது?"

திருவிழாவன்று சேலத்துச் சாமியாரை வரவேற்று ஞானராஜ் இருபத்து மூன்று நிமிடம் பேசினார். சாமியார் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; வாத்தியார் அதைத் தலையாட்டுவதாக எடுத்துக்கொண்டார். முடிவில், "இதோ, வாழும் அற்புதம்!" என்று கையை நீட்டினார்.

சவரி வலது பக்க வேட்டியைச் செருகியபடியே மைக் முன் வந்து நின்றார்.

"விழுந்தேன். சாவல. அதுக்கு மாதாவுக்குத் தோத்திரம்" என்றார். "ஆனா வலிக்குது. பத்து வருசமா வலிக்குது. நேத்தும் வலிச்சுது, இப்ப நிக்கறப்பவும் வலிக்குது. எதனாலன்னு டாக்டருங்களுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. தெரியலங்கறதால இல்லைன்னு ஆயிடாது. ஒம்பது வருசம் இதே எடத்துல நின்னு வலி இல்லைன்னு சொன்னேன். கோயில்ல நின்னு பொய் சொன்ன பாவத்த இன்னிக்கிக் காலையில சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். இனிமே சொல்லமாட்டேன். சப்பரமும் தூக்கமாட்டேன். பின்னால நடந்து வருவேன். மெதுவாத்தான் வருவேன். அவசரம்னா நீங்க முன்னால போயிக்கங்க."

ஞானராஜின் வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. இதைத்தான் உண்மையில் அற்புதம் என்று சொல்ல வேண்டும்.

பிறகு பெண்கள் பக்கமிருந்து குள்ளம்மாள் எழுந்தாள். "எனக்கும் இந்தத் தோளு அஞ்சு வருசமா தூக்க வரலீங்க சாமி. சொன்னா மருமவ நடிக்கறேங்கறா." மருமகள் பெரியம்மாள் விடவில்லை: "எனக்கு மட்டும் இடுப்பு இல்லியாக்கும்!" ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் தம் கழுத்தைப் பற்றித் தொடங்கினார். பிரசங்கத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் கோணமலைப்பட்டியின் மூட்டுகளும் முதுகுகளும் ஒவ்வொன்றாக எழுந்து பேசின.

சாமியார் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, சவரியிடம் கேட்டார்: "வலி எப்படி இருக்கும்?"

பத்து ஆண்டுகளில் டாக்டர்கள் 'எங்கே' என்று கேட்டிருக்கிறார்கள். ஊரார் 'நிஜமாகவா' என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. சவரி எறும்பையும் தீக்குச்சியையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. சாமியார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிடுங்கள்" என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குள் ஞானராஜுக்கு மூச்சு திரும்பியிருந்தது. "பத்தாண்டுகள் வலியை வெளிக்காட்டாது சுமந்த பொறுமை, இது இரண்டாம் அற்புதம் அன்றோ! இதற்கும் ஒரு கல்..."

"கல்லு வேணாமுங்க" என்றார் சவரி. "இருக்கறதுல ரெண்டு சொல்ல எடுங்க, போதும்."

கமிட்டி கூடியது. கல்தச்சரை அழைக்க ஒருமனதாகத் தீர்மானித்தது. அதோடு கமிட்டியின் பலம் தீர்ந்துவிட்டது. ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதமும் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் சவரி கடையைச் சாத்திவிட்டு, கல்தச்சர் நஞ்சப்பனிடம் உளியும் சுத்தியும் இரவல் வாங்கினார்.

"உனக்கு வெட்டத் தெரியுமா டெய்லரே?" என்றார் நஞ்சப்பன்.

"பிரிக்கத் தெரியும். தையலோ எழுத்தோ, பக்கத்துல கிழியாம எடுக்கணும், அவ்வளவுதான."

முக்காலி போட்டு, எரிகிற காலை வெயில் படாமல் நீட்டி உட்கார்ந்தார். தையல் சாக்பீஸால் அந்த இரண்டு சொல்லைச் சுற்றிக் கோடு போட்டார். டேப் வைத்து இருபுறமும் அளந்தார். பிறகு கொத்தத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் அதிர்வு இடுப்பில் இறங்கிக் கட்டைவிரலில் போய்ச் சுட்டது. பத்து அடி, ஓய்வு; மறுபடி பத்து அடி. முதல் நாள் 'யாதொரு' போயிற்று. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் ஞானராஜும் வந்து, குடையை ஊன்றி நின்று பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"'எழுந்து'ல கை வெச்சுராத, பாத்து" என்றார்.

மூன்றாம் நாள் மாலை, எழுத்து இருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வழவழப்பான பள்ளம் மட்டும் இருந்தது. அதன் பிறகு எவரும் சவரியிடம் கல்லைக் காட்டிப் பேசவில்லை. சப்பரத்தின் முதல் தண்டை வேறொருவர் தூக்கினார். சவரி பின்னால் நடந்தார். அவருக்காக மேளக்காரர்கள் கொஞ்சம் மெதுவாகப் போனார்கள்.

இப்போது அந்தப் பள்ளத்துக்குப் பெரிய கிராக்கி. ஏரியூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். அதில் தேங்காய் எண்ணெய் பூசி, தொட்டு, முழங்காலிலும் இடுப்பிலும் தடவிக்கொள்கிறார்கள். எல்லா வலிக்கும் கைகண்ட மருந்தாம். செவ்வாய்க்கிழமை வந்தால் விசேஷம் என்று ஞானராஜ் வாத்தியார் அறிவித்திருக்கிறார். ராயம்மாளின் நச்சரிப்புத் தாங்காமல் சவரியும் ஒரு செவ்வாய்க்கிழமை போய், எண்ணெயைத் தொட்டுக் காலில் தடவிப் பார்த்தார்.

வலி அப்படியேதான் இருக்கிறது.