ரகு மாட்டிய சீல்கள்

ரகு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் ஒரு சைக்கிள் துண்டு துண்டாக இருந்தது. கம்பெனி அவனை எட்டு மாதம் அங்கே அனுப்பியிருந்தது. மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். என் தம்பி யாரோ ஓட்டிப் பழசாக்கிய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்து, சட்டைகளுக்கு நடுவே செருகிக் கொண்டுவந்தான். 2005ஆம் வருஷம் அது.

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீடு மாடியில், கீழே என் ஷெட். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் சர்வீஸ். அவன் அங்கேயே உட்கார்ந்து சைக்கிளைப் பூட்டி முடித்தான்.

"இதுக்கு ஷாக்கப் எல்லாம் இருக்குதே," என்றேன்.

"அதாண்ணா இதுல விசேஷமே."

அதற்குள் இருபது வருஷமாக நான் மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குகளை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக்கப்புகளை, பிரித்துக்கொண்டிருந்தேன். அவை தடித்த சாமான்கள். ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் குழியில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். இது வேறு மாதிரி. எடை குறைய வேண்டுமென்று எல்லாவற்றையும் மெல்லிசாகச் செய்திருந்தார்கள். ஃபோர்க்கின் ஒவ்வொரு காலுக்கும் மூன்று ஸ்பூன் எண்ணெய்தான். மேல்குழாய் உள்ளே இறங்கும் வாயில் ஒரு ரப்பர் சீல், அதற்குக் கீழே எண்ணெய் ஊறிய பஞ்சு வளையம். நம் ஊர் செம்மண் தூசு சீலைத் தாண்டிவிட்டால் குழாயின் பூச்சை அரித்துவிடும். மாற்றுக் குழாய் இந்தியாவில் கிடைக்காது. அதனால் ஐம்பது மணி நேரம் ஓட்டினால் ஒரு முறை பிரித்துத் துடைத்து, எண்ணெய் மாற்ற வேண்டும்.

"அம்பது மணி நேரமா? இது வண்டியா, கைக்குழந்தையா?"

"குழந்தையாவது அழும்ணா. இது சத்தமே போடாது, உள்ளயே தேஞ்சு போகும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து அவன் அந்த வேலையைச் செய்வான். கம்ப்யூட்டர் தட்டும் கை என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் பார்க்கப் பொறாமையாக இருக்கும். சீல் உட்காரும் பள்ளத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவான். அந்தப் பொறுமை எனக்கு வராது.

அடுத்த வருஷம் ஊரில் ஆபீஸ்காரர்கள் நிறைய பேர் இப்படிப்பட்ட சைக்கிள் வாங்கத் தொடங்கினார்கள். கடைகளில் விற்பார்கள், ஃபோர்க்கைப் பிரிக்க யாருக்கும் தெரியாது. ஒழுகினால் புதுசு மாற்றிவிடுங்கள் சார் என்பார்கள். ரகு ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான்.

"ஷெட்ல கால்வாசி இடம் குடுண்ணா. வேலைய விட்டுடறேன். ஃபோர்க் சர்வீஸ் மட்டும். எட்டு பேர் சைக்கிளத் தரேன்னு சொல்லியிருக்காங்க."

என் மனைவி ருக்கு குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். "பொண்ணு வீட்ல மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேட்டா, சைக்கிளுக்கு எண்ணெய் விடறாருன்னு சொல்றதா?"

"அண்ணன் ஸ்கூட்டருக்கு விடறாரு, நீங்க கட்டிக்கலையா அண்ணி?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. என் கல்யாண போட்டோவிலேயே நகக்கண்ணில் கறுப்பு தெரியும். அப்பா போன பிறகு பி.யு.சி.யைப் பாதியில் விட்டு ஷெட்டுக்கு வந்தவன் நான். இவன் கையிலாவது அது படியக்கூடாது என்றுதான் அத்தனை வருஷமும் ஓட்டினேன். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் விடவில்லை. வெளிநாட்டு நண்பன் மூலம் இரண்டு ஜோடி சீல் வரவழைத்தான். ஃபோர்க் செய்த கம்பெனி சொன்ன கிரீஸ் கிடைக்கவில்லை. எஸ்.ஜே.பி. ரோட்டில் நாலு உதிரிபாகக் கடை ஏறி விசாரித்து, இது ஒத்துவரும் என்று ஒரு டப்பா வாங்கினான். ஒரு ஜோடியைத் தன் ஃபோர்க்கில் மாட்டினான். மற்றொன்றை லிங்கராஜபுரத்து ஆம்ப்ரோஸுக்கு மாட்டினான். ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், ரகுவோடு காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்.

மறுவாரம் ஆயுதபூஜை. அதற்கு முந்தின நாள் எங்கள் ஷெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வாட்டர் சர்வீஸ், காற்று, கடைசியில் டீசல் ஸ்ப்ரே. டீசல் அடித்தால் துரு பிடிக்காது, பத்து வருஷ வண்டியும் பளபளவென்று நிற்கும். எங்கள் தெருவில் டீசல் அடிக்காமல் எந்த வண்டியும் பூஜைக்கு வந்ததில்லை. ரகு ஆபீஸுக்குப் போயிருந்தான். அவன் சைக்கிள் மட்டும் செம்மண்ணோடு மூலையில் நின்றது. இதுவும் இந்த வீட்டு வண்டிதானே என்று வெளியே தள்ளி வந்தேன்.

அழுக்கு சீலைச் சுற்றித்தான் அதிகம் இருந்தது. தண்ணீர்க் குழலை அங்கேயே நெருக்கிப் பிடித்தேன். பிறகு டீசல், தாராளமாக. மோட்டார் சைக்கிள் சீல்கள் இருபது வருஷமாக அதைத் தாங்கியிருக்கின்றன. எனக்கு வேறு நினைப்பே வரவில்லை.

சாயங்காலம் அவன் வந்தபோது சைக்கிள் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் சாமந்தி மாலையோடு ஸ்கூட்டர்களின் வரிசையில் நின்றது. டீசல் வாசனை எங்கள் வீட்டில் யாருக்கும் தனியாகத் தெரியாது, சோற்றிலேயே இருக்கும். தண்ணீர் மட்டும் அடித்ததாக அவன் நினைத்திருப்பான். அவன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். என் தோளில் கை போட்டான்.

"தேங்க்ஸ்ணா," என்றான்.

எதற்கு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடைக்கு நான் சம்மதித்துவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு வாரம் கழித்து துரஹள்ளிக் காட்டில் பந்தயம். அந்த எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். இரண்டாவது சுற்றில் பாறையிலிருந்து இறங்கியபோது ரகுவின் ஃபோர்க் கீழே போனது, மேலே வரவில்லை. இரண்டு காலிலும் எண்ணெய் வழிந்தது. "மச்சா, உன் கடை திறக்கறதுக்கு முன்னாடியே மூடிடுச்சே" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். ரகுவும் சிரித்தானாம்.

மத்தியானம் ஷெட்டுக்கு வந்து ஃபோர்க்கைப் பிரித்தான். சீலை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"பாருண்ணா. ஊதிப் போச்சு. கிரீஸ் ஒத்துக்கலைன்னு நெனைக்கறேன். உனக்கு என்ன தோணுது?"

நசுக்கிப் பார்த்தேன். ரத்தம் குடித்த அட்டை மாதிரி கொழகொழவென்று இருந்தது. ரப்பர் எதில் ஊறினால் எப்படி உப்பும் என்று இந்த விரல்களுக்குத் தெரியும். பஞ்சு வளையத்தில் செம்மண் சேறு இருந்தது, தண்ணீரை அழுத்தி அடிக்காமல் அவ்வளவு உள்ளே போகாது. அரை நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியாக இல்லை, ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கைப் பார்க்கிற மாதிரி.

"கிரீஸாத்தான் இருக்கும்," என்றேன்.

பயந்து சொன்ன பொய் இல்லை அது. இதோடு இவன் கடைப் பேச்சை விட்டுவிடுவான் என்று அந்த அரை நிமிஷத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவன் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் எட்டுப் பேருக்கும் போன் செய்தான். மாடிப்படியில் உட்கார்ந்து பேசியது கீழே கேட்டது. "இல்ல சார், என்னோடதே நிக்கல. உங்களோடத எடுத்து நான் கெடுக்கக் கூடாது." ஒவ்வொருவருக்கும் அதே வாக்கியம். எட்டாவது போனில் குரல் கொஞ்சம் சுலபமாகிவிட்டிருந்தது, மனப்பாடம் ஆகிவிட்டது போல.

சைக்கிளை ஆபீஸில் யாருக்கோ கொடுத்துவிட்டான். வேலையில் உயர்ந்தான். நான் தெருவில் தம்பி டீம் லீடர் என்று சொல்லிக்கொண்டேன். ஷெட்டில் ஏதாவது கழற்றிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் வந்து நிற்பான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. எதையும் தொட மாட்டான். ஒருமுறை வீட்டுக் குழாயில் வாஷர் மாற்ற வேண்டியிருந்தபோது, "ஆளக் கூப்பிடு அண்ணி, நான் தொட்டா ஒழுகும்" என்றான். ருக்கு சிரித்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2009 மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதுதான் மோசமான கட்டம் என்று எங்களுக்குத் தெரியாது. ரசஞ்சாதம் இரண்டு வாய் சாப்பிட்டான்.

"ஷெட்ல என்ன வேலை?" என்று கேட்டான்.

"ஒரு ஃபோர்க். சீல் லீக்."

"என்னை மாதிரி எதையாவது தடவிடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மூன்று வருஷத்தில் அவ்வளவு நல்ல சந்தர்ப்பம் எனக்கு வந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள், அவன் களைத்திருந்தான். வீட்டுக்கு வரட்டும், நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டான். முப்பத்துமூன்று வயது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆம்ப்ரோஸ் ஷெட்டுக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஃபோர்க்.

"எப்பவும் ரகுதான் பிரிச்சு எண்ணெய் மாத்துவான். எனக்கு மட்டும். அதுவும் கெஞ்சினாத்தான்," என்றார். "இப்ப யார்கிட்ட போறதுன்னு தெரியலண்ணா. நீங்க பாக்க முடியுமா?"

பிரித்தேன். குழாயில் ஒரு கீறல் இல்லை. 2006இல் அவன் மாட்டிய சீல்கள் அதே கிரீஸோடு, விறைப்பாக, இருந்த இடத்தில் இருந்தன. நெம்பி எடுப்பதற்கே சிரமமாக இருந்தது, அவ்வளவு சரியாக உட்கார வைத்திருந்தான்.

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தார். "நான் அவன்கிட்ட எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? மச்சா, அதே டப்பா, அதே கை, என்னோடது நிக்குது, உன்னோடது மட்டும் எப்படிப் போகும்னு. கேக்கவே மாட்டான். எங்கண்ணன் கையில வெச்சுப் பாத்துச் சொல்லிட்டாரு, ரப்பர் விஷயத்துல அவர் சொன்னா சொன்னதுதான்னுட்டான்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அது கிரீஸ் இல்லீங்க. பூஜைக்கு நான் டீசல் அடிச்சேன். சீலப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தெருவில் ஒரு ஆட்டோ கிளம்பாமல் உதறிக்கொண்டிருந்தது.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

அவர் மெதுவாக உட்கார்ந்து, பிரித்துப் போட்டிருந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே செய்தித்தாளில் வைத்தார். சீல்களைக் கைக்குட்டையில் தனியாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் திரும்பப் பூட்டிக் குடுத்துடறேன்," என்றேன். "அஞ்சு நிமிஷம்தான்."

"வேணாம்ணா," என்றார்.

குரலில் கோபம் இல்லை. என்னை அண்ணா என்றுதான் சொன்னார். பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.