நூற்றைம்பதில் இருபத்தைந்து சதவீதம்

எனக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். பத்தொன்பது வருடமாக ஒரே தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். அளவு விஷயத்தில் என்னிடம் ஒருவரும் குறை கண்டதில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு மருத்துவமனையிலிருந்து, குழந்தைகள் வார்டின் சின்னக் கட்டில்களுக்கு அறுபது மெத்தை உறை கேட்டார்கள். அந்தக் கட்டிலின் அளவுச்சீட்டைக் காணவில்லை. பெரிய கட்டிலின் சீட்டுதான் இருந்தது: 'நீளம் 150 செ.மீ. சின்னதைவிட 25% கூட்டியது.' கூட்டினதைக் கழித்தால் தீர்ந்தது என்று நூற்றைம்பதில் இருபத்தைந்து சதவீதத்தைக் கழித்தேன். நூற்றுப் பன்னிரண்டரை. ஒரே மூச்சில் அறுபதையும் வெட்டித் தள்ளினேன். தைத்தவள் என் தங்கை. அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

அறுபதும் திரும்பி வந்தன. ஏழரை சென்டிமீட்டர் குட்டை. முதலாளி கூடத்தின் நடுவில் நின்று கத்தினார்.

"நான் வெட்டினது சரியாத்தான் இருந்துச்சு. தையல்ல அதிகமா புடிச்சிருப்பா," என்றேன்.

என் கணக்கு சரி என்றுதான் அப்போது நம்பினேன். ஆனால் அவ்வளவு துணியைத் தையலில் யாராலும் விழுங்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை வாயே திறக்கவில்லை. அன்றே அவளை மெஷினிலிருந்து எழுப்பி, மூலையில் தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் என் மகள் கணக்கு நோட்டோடு வந்தாள். நூலகத்தில் புத்தகங்கள் 20% கூடி 360 ஆயினவாம்; முன்பு எத்தனை?

"இதெல்லாம் ஒரு கணக்கா? முந்நூத்தி அறுபதுல இருபது சதவீதம் கழி. இருநூத்தி எம்பத்தெட்டு."

அவள் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, இருநூத்தி எம்பத்தெட்டோட இருபது சதவீதம் கூட்டினா முந்நூத்தி நாப்பத்தஞ்சு புள்ளி ஆறுதான் வருது. தெரியாததை எக்ஸ்னு வெச்சுக்கணும். கூடினது அந்த எக்ஸ்ல இருபது சதவீதம், முந்நூத்தி அறுபதுல இல்ல. அப்போ 1.2x = 360. எக்ஸ் முந்நூறு."

நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். 1.25x = 150. x = 120.

காது மடல் சுட்டது. மகள் முகத்தைப் பார்க்கக் கூசியது. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்ணா," என்றாள். "தைக்கறதுக்கு முன்னாடியே சின்னதா இருக்கேன்னு கேட்டேன். நீ தை, அளவு என் பாடுன்னு சொன்ன."

அப்படிச் சொன்னதுகூட எனக்கு நினைவில்லை.

"அன்னிக்கு ஏன் சும்மா இருந்த?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

"தப்புதான். மன்னிச்சிடும்மா."

"இங்க நாலு சுவத்துக்குள்ள சொல்லிட்டா ஆச்சா? அன்னிக்கு எங்க வெச்சு சொன்ன?"

மறுநாள் காலை, கூடத்தின் நடுவில் நின்று மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். வெட்டும் மேஜையில் சாக்கட்டியால் கணக்கை எழுதினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யோவ், இது எட்டாங்கிளாஸ் கணக்குய்யா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஆமாங்க. எனக்குத் தெரியல. துணியை அளந்துகூட பாக்காம தங்கச்சி தலையில கட்டிட்டேன்."

அவமானத்தில் உடம்பே குன்றிப்போனது. முதலாளி என்னை வசைபாடி முடித்து, அவளைப் பழைய மெஷினுக்கே போகச் சொன்னார். அவள் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த பிசிறைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்று நான் வெட்டிய முதல் துணிக்கட்டை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் டேப்பை எடுத்து மேலே இருந்த துணியை அளந்தாள். அடுத்ததையும் அளந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரியும் தன் டேப்பை எடுத்தாள். பிறகு வரிசை முழுக்க எல்லோரும் என் துணியை அளக்க ஆரம்பித்தார்கள்.