கீழ்வீட்டுக்கு நான், மாடிவீட்டுக்கு அவர்

நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் எங்கள் தெருவின் வாசல் கதவுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றைத் திறந்தால் கீழ்வீடு, ஒட்டியிருப்பதைத் திறந்தால் நேரே மாடிப்படி. நான் மாடியில், மால்கம் கீழே. பத்திரப்படி என் மாடிவீட்டுக்கு உரிமையாளர் மால்கம், நான் அவருடைய குத்தகைக்காரி. அவருடைய கீழ்வீட்டுக்கு உரிமையாளர் நான், அவர் என் குத்தகைக்காரர். இங்கே வீடு வாங்குவது விற்பது என்றால் இந்த நீண்டகாலக் குத்தகையைத்தான், அடுத்த வீட்டின் உரிமையும் அதோடு சேர்ந்தே கைமாறும். டைன் நதிக்கரையில் அந்தக் காலத்திலேயே இப்படித்தான் எழுதிவைத்தார்கள். என் கூரை ஒழுகினால் அவர் என்னைக் கேட்கலாம், அவர் சுவர் விரிசல் விட்டால் நான் அவரைக் கேட்கலாம். ஒருவர் குடுமி மற்றவர் கையில். லண்டன் வக்கீல்கள் இதைப் படித்தால் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பழகிப்போச்சு.

நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். என் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். போனதுகூடப் பரவாயில்லை, கால்பந்தில் எங்கள் ஊருக்கு ஜென்மப் பகையான சண்டர்லாந்துக்காரியோடு போனான். நியூகாசில்காரி எவளும் அதை மன்னிக்க மாட்டாள். அதற்குப் பிறகு கீழ்வீட்டை வாங்கி வந்தவர்தான் மால்கம். வீடுகளுக்குக் கம்பளம் விரிக்கும் வேலை, மனைவியை இழந்தவர். ரேடியோவில் மேட்ச் கேட்டு நடுவரைத் திட்டுவதும், சவரம் செய்யும்போது பாதிப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுவதும் எனக்கு மாடியில் கேட்கும். நான் ஒன்றும் தரையில் காதை வைத்துக் கேட்டவள் இல்லை, தரை அவ்வளவு மெல்லிசு. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடே இறங்காது.

பிப்ரவரியில் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

"பிரிஸ்டல்ல இருக்கற மக வரச்சொல்லிக்கிட்டே இருக்கா, பிரெண்டா," என்றார் மால்கம். "வீட்டை வித்துட்டுப் போயிடலாமான்னு பாக்கறேன். இங்க எனக்குன்னு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நாளைக்குக் குப்பை வண்டி வருது, பச்சைத் தொட்டியை வெளிய வைக்கணும்," என்றேன் நான். இந்த வாய்க்குச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டை வாங்க ஒரு இளம் ஜோடி வந்தது. அவர்களுடைய வங்கி முட்டுக்கட்டை போட்டது. குத்தகையில் நாற்பது வருஷம்கூட மிச்சமில்லை, நீட்டித்தால்தான் கடன் என்றார்கள். என் குத்தகையும் அதே நிலைமைதான். பக்கத்து ஆள்தானே உரிமையாளர் என்று இருவருமே அசட்டையாக இருந்துவிட்டோம். எங்கள் தெருவில் இதற்குக் காசு வாங்குவது அசிங்கம். உன்னுடையதை நான் நீட்டித்துத் தருகிறேன், என்னுடையதை நீ, ஒரே நாளில், ஒரே மேஜையில். அதாவது நான் கையெழுத்துப் போட்டால் மால்கம் போய்விடுவார், போடாவிட்டால் போகமுடியாது.

எனக்குள் ஏதோ பேய் புகுந்துகொண்டது. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். வக்கீல் விடுமுறையில் இருக்கிறார் என்றேன். பத்திரத்தில் என் பெயரில் எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்ப வைத்தேன். வசந்தம் வந்து போயே போய்விட்டது. ஒருநாள் மால்கம் மாடிப்படியில் தடதடவென்று ஏறிவந்தார்.

"நீங்க என் ஓனரம்மாவா, ஜெயில் வார்டனா? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலேன்னா அந்தப் பசங்க வேற வீடு பாத்துடுவாங்களாம். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. மறுநாளே வருகிறேன் என்றேன்.

அவர் சமையலறையில் மேஜையும் மூன்று நாற்காலியும் கெட்டிலும்தான் மிச்சம். மற்றதெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. பத்திரத்துக்கு, கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வெளியாள் ஒருவர் சாட்சியாக வேண்டும். அடுத்த வாசல் ஐரீன் வந்திருந்தாள். பன்றிக்கறி வைத்த ஸ்டாட்டியை, எங்கள் ஊர்த் தட்டை ரொட்டியை, கையோடு கொண்டுவந்து, சினிமாவுக்கு வந்தவள் மாதிரி மென்றுகொண்டிருந்தாள்.

நான் பேனாவை எடுத்தேன். கீழே வைத்தேன்.

"போகாதீங்க, மால்கம்."

ஐரீன் மெல்லுவதை நிறுத்தினாள். "அடியே, நான் கையெழுத்துக்குத்தான் சாட்சி. இதுக்கெல்லாம் இல்ல."

"நீ சும்மா இரு. மால்கம், என் கண்ணாடி உடையவே இல்ல. வக்கீலும் எங்கயும் போகல. நீங்க போயிடக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இழுத்தேன். உங்களை எனக்குப் பிடிக்கும். கீழ நீங்க இருக்கீங்கன்னாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அவர் தன் முன்னால் இருந்த பத்திரத்தைத் தள்ளிவைத்தார்.

"நீங்க இழுத்தடிச்சப்போ, ஒருவேளை என்னை விட மனசில்லையோன்னு தோணிச்சு," என்றார். "குஷியாக்கூட இருந்துச்சு. அப்புறம் உங்க வக்கீல்கிட்டேர்ந்து எழுத்துப்பிழைன்னு ஒரு கடுதாசி வந்துச்சு பாருங்க, அந்த பாஷையைப் படிச்சதும் சே, வெறும் வீம்புன்னு நெனச்சுட்டேன். மககிட்ட வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். அவ எனக்காகச் சுவரை இடிச்சு ஒரு ரூம் கட்டிட்டா. பேத்தி அதுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கா. இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருங்கள் என்று இனிமேல் சொல்ல நியாயமும் இல்லை. பேனாவை எடுத்து அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் என் பத்திரத்தில் போட்டார். ஐரீன் விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு இரண்டிலும் சாட்சி போட்டாள். பிறகு என்னுடையதைக் கண்ணருகில் பிடித்துப் படித்தாள்.

"அம்மாடி! தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது வருஷமா! எத்தனை தாராளம் இந்த மனுஷனுக்கு! இவ்வளவையும் வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற?"

"நான் கேட்டது ஒரு பத்து வருஷம்தான், ஐரீன்," என்றேன். "அதைத் தவிர மத்ததெல்லாம் கொடுத்துட்டார்."

மால்கம் எழுந்துபோய், அப்போதுதான் கொதித்து அடங்கியிருந்த கெட்டிலை மறுபடியும் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அது சத்தம் போட்டு ஓயும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.