ஏழாம் போர்ட்டில் நடந்த நிக்காஹ்

அன்று கியாக்டடா பேட்டையில் எங்கள் கடை மாடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மணமகளின் தகப்பனாகிய நான், ஷம்சுதீன். என் மனைவி சுல்தான் பீவி. திரைக்குப் பின்னால் மகள் அப்ஸானா. நிக்காஹ் நடத்திவைக்க வந்த பீர் முகைதீன் லெப்பை. மாப்பிள்ளையின் தாய்மாமன் முத்து முகம்மது. சாட்சிகளாக எங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளும் மாஹிரும், தமிழ் தெரிந்த பர்மியரான எதிர்க்கடை கோ யூசுஃபும். பக்கத்து வீட்டு நூர் பீவி மாடிப்படியில் நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை. படியில் நின்றவர் அறையில் இருந்தவர் ஆகமாட்டார்.

மாப்பிள்ளை வாஜித் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருந்தார். அஸர் தொழுகை நேரத்துக்குள் அவருடைய கப்பல் கிளம்பிவிடும். கிளம்பினால் அடுத்த மழைக்காலம் வரை பேச வழியில்லை. நிச்சயம் செய்து மூன்று வருடமாகியும் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் லெப்பை ஒரு வழி சொன்னார். மாப்பிள்ளை தன் வாயால் தாய்மாமனைத் தன் சார்பில் பேசும் வக்கீலாக நியமிக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சாட்சிகள் முழுதாகக் கேட்க வேண்டும். பிறகு வக்கீல் அவருக்காக நிக்காஹை ஏற்பார்.

மாஹிர் கம்ப்யூட்டரில் அழைப்பைப் போட்டான். ஸ்பீக்கரில் வாஜித்தின் ஸலாம் தெளிவாக வந்தது. லெப்பை கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் பதில் துண்டுதுண்டாக உடைந்தது. "என் மாமா... மதுவை... ன்..." பிறகு ஒன்றுமில்லை.

"கேக்குதா மாப்புள?" என்று முத்து முகம்மது கத்தினார். கத்தக் கத்த இன்னும் உடைந்தது.

லெப்பை தலையை ஆட்டினார். "இதக் கேட்டதா நான் எழுத மாட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அப்ஸானாவின் குரல் வந்தது. "வாப்பா, நாம சும்மா இருந்தா அவங்க பேசறது நல்லா வருதா?"

எல்லோரும் வாயை மூடினோம். வாஜித்தின் குரல் முழுதாக வந்தது. "மாமா? யாராச்சும் இருக்கீங்களா?" லெப்பை பதில் சொன்னார், மறுபடி உடைந்தது.

"அப்ப லைன்ல கோளாறு இல்ல. போர்ட்டுதான்," என்றாள் அப்ஸானா.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சுவிட்ச் என்ற ஒரு பெட்டியில், ஆளுக்கொரு போர்ட்டில் வயர் செருகி, இணைந்திருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்பவள் அப்ஸானா. நிச்சயத்துக்குப் பிறகு வாஜித் சிங்கப்பூரில் வாங்கி அனுப்பிய பழைய சுவிட்ச் அது. பெண்ணுக்குக் கொடுக்கும் பொருளா இது என்று நான் கோபித்தேன். அவள் தினமும் அதைத் துணியால் துடைத்தாள்.

"புள்ளய வெளிய கூப்பிடுங்க, ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிருவா," என்றாள் சுல்தான் பீவி.

"நிக்காஹ் ஆகாத மணப்பெண் ஆம்பளைங்க நடுவுல வந்து உக்கார்றதா? எங்க வீட்ல அது கிடையாது," என்றேன்.

"அப்ப நான் தட்டறேன் மாமா," என்றான் மாஹிர்.

திரை வழியாக அவளோடு பேசவும் வேறு ஆளை விடுவதாக இல்லை. நானே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மாப்புள கப்பல்ல, மாமனார் கம்ப்யூட்டர்ல," என்றார் முத்து முகம்மது. கோ யூசுஃப் சிரிப்பை அடக்க இருமினார்.

அப்ஸானா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நான் ஒரு விரலால் தட்டினேன். எங்கள் வயர் செருகியிருந்த ஏழாம் போர்ட்டின் விவரம் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. வேகம் நூறு, ஃபுல் டூப்ளக்ஸ் என்று வாசித்தேன்.

"அதான் வாப்பா. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வண்டி போகலாம்னு சுவிட்சு நெனைக்குது. கம்ப்யூட்டரு தானா முடிவு பண்ற ஆட்டோல இருக்கு. அது ஒரு வண்டி போனப்புறந்தான் அடுத்ததுன்னு நெனைக்குது. ரெண்டு பேரும் பேசுனா மோதிக்குது."

"யார் இப்படி வச்சது?"



"நான்தான். நேத்து. அவங்க குரல் நல்லா வரணும்னு... நானே ஃபுல்லுலயே மாறாம கட்டி வச்சேன்."

மூன்று வருடத்தில் என் முன்னால் அவள் அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. கடைக்கு வருவாள், கணக்கு பார்ப்பாள், அந்தப் பெட்டியைத் துடைப்பாள். அவ்வளவுதான். இவ்வளவு காத்திருந்தாளா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசைப்பலகை மங்கலாகத் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டையும் ஆட்டோன்னு போடுங்க வாப்பா."

வேகத்துக்கு ஆட்டோ, டூப்ளக்ஸுக்கு ஆட்டோ என்று போட்டேன். சுவிட்சில் ஏழாம் விளக்கு அணைந்தது. அழைப்பும் அறுந்தது. விளக்கு மறுபடி வந்து ஆரஞ்சு நிறத்திலேயே நின்றது. லெப்பை கடிகாரத்தைப் பார்த்தார். கீழே சூலே பகோடா நோக்கிப் போகும் பஸ்களின் ஹாரன் கேட்டது. பிறகு பச்சை.

வாஜித்தே மறுபடி அழைத்தார். லெப்பை கேட்டதும் வாஜித் சொன்னார், "என் தாய்மாமன் முத்து முகம்மதுவை இந்த நிக்காஹுக்கு என் வக்கீலாக நியமிக்கிறேன்." ஒரு எழுத்துக்கூடச் சிதறவில்லை. இரண்டு சாட்சிகளும் கேட்டார்கள். நிக்காஹ் முடிந்தது.

ஹெட்போனை நீண்ட வயரோடு நானே திரைக்குள் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் பேசியது கொஞ்சம் காதில் விழுந்தது. அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை என்று தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், எதுவும் உடையாமல். கப்பல் கிளம்பும் நேரம் வந்தது. அழைப்பு முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

மாப்பிள்ளை பவுன் கேட்டு வாயைத் திறக்காமல் இருந்தார் என்று நூர் பீவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலா வரைக்கும் சொல்லியிருக்கிறார். அது பொய். மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை, தயங்கவும் இல்லை. ஏழாம் போர்ட்டின் அமைப்பு தவறாக இருந்தது.