ஐம்பத்து மூன்றாவது துண்டு

பசுவந்தனை பஸ் கோவில்பட்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் வழியே துண்டுகள் உள்ளே பறந்தன. மூட்டு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் உம்மாவை நிற்கவைத்துக் கூட்டிப்போக முடியாது. அதனால் கல்லூரியில் கணக்குப் படிக்கும் அப்சானாவும் தன் பச்சைத் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எறிந்தாள்.

ஏறிப் பார்த்தால் எல்லா இருக்கையிலும் யார் யாருடைய துண்டோ கிடந்தது. அவளுடையதைக் காணோம்.

“அம்பத்திரண்டு சீட்டு, என்னோடதையும் சேத்து அம்பத்து மூணு துண்டு. ஒரு சீட்டுலயாவது ரெண்டு கெடக்கணும் அண்ணாச்சி. இது புறாக்கூண்டுக் கொள்கை,” என்றாள் கண்டக்டர் ராஜமணியிடம்.

“புறாவுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும் தாயி.”

சொன்னாரே தவிர, அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தார். எதற்கடியிலும் இன்னொன்று இல்லை. அப்சானாவுக்குக் கண் கலங்கியது. உம்மாவின் முட்டியைவிடக் கொள்கையின் நிலைமை மோசமாக இருந்தது.

அப்போதுதான் டிரைவர் தன் இருக்கைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பதைப் பார்த்தாள். இருக்கையில் பச்சைத் துண்டு.

“நீங்க ஏன் உக்காரல?”

“துண்டு கெடக்குல்லா. ஒருத்தர் போட்ட எடத்துல நான் எப்படிம்மா உக்காருவேன்?”

பஸ்ஸில் யாரும் அதை மறுக்கவில்லை. டிரைவர் இருக்கையை எண்ணாமல் விட்டதுதான் தப்பு என்று அப்சானா நிம்மதியடைந்தாள். உம்மா சைத்தூன் பீவியைக் கைத்தாங்கலாக அதில் உட்காரவைத்தார்கள்.

“கால் வைக்க மூணு கட்டையும் வச்சிருக்காவ,” என்று உம்மா மகிழ்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, நம்ம ஊருக்கு இதை எந்தப் பக்கம் திருப்பணும்?”

ராஜமணி விசில் அடித்தார்.